நடையோடு ஒரு தூண்டில்: ட்ரவுட் ஓடையில் ஒரு பகல்

கரைநடை:
வணக்கம். எனக்கு நடைதான் முதல் பழக்கம். ஓடையோரமாக எட்டுப் பத்து கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்தால்தான் அந்த வாரம் முடிந்ததாகத் தோன்றும். போன வருடம் ஃப்ளை தூண்டில், அதாவது பூச்சிபோலக் கட்டிய பொய்யிரையை (ஃப்ளை) வீசும் தூண்டில், வீசக் கற்றுக்கொண்டேன். புல்வெளியில் வீசும்போது நூல் அழகாக விரிகிறது. தண்ணீருக்குப் போனால் ஏனோ குலைந்துவிடுகிறது.

அடுத்த மாதம் என் அக்காவுடன் ஒரு மலை ஓடையோரம் பகல் முழுவதும் நடக்கப் போகிறேன். அனுமதிச் சீட்டு வாங்கியாகிவிட்டது. அக்கா தூண்டிலைத் தொடமாட்டார். பறவை, பாசி, பாறை என்று எதையாவது பார்த்துக்கொண்டே வருவார், நடையில் என்னைவிடச் சளைக்காதவர். நான் ஒரு மடுவில் நின்றுகொண்டு அவரை இரண்டு மணி நேரம் கரையில் காக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. நடையும் கெடாமல், தூண்டிலும் வெறும் பேருக்கு ஆகாமல், இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் இங்கே உண்டா? என்ன எடுத்துப்போவது, எப்படிப் பிரித்துக்கொள்வது என்று சொல்லுங்கள்.

மௌனக்கரை:
நண்பரே, ஆசையைக் கெடுப்பதற்காகச் சொல்லவில்லை. இரண்டும் சேராது என்பதுதான் முப்பது வருடம் ஓடையில் நின்றவனின் கருத்து. ட்ரவுட் என்ற இந்தக் குளிர்நீர் மீன் ஒரு காவல்காரன் மாதிரி. நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து, ஒரே இடத்தில் நின்று, மிதந்து வருவதை மட்டும் பொறுக்கித் தின்னும். கரையில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனால் பேச்சுச் சத்தம் அதை அவ்வளவாகத் தொடாது. காலடி அதிர்வு அப்படியில்லை. அதை உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோட்டால் அறிந்துகொள்ளும். நீங்கள் மடுவை எட்டிப் பார்க்கும்போது அது பாறைக்கடியில் இருக்கும். வெறும் தண்ணீரைப் பார்த்து ‘இங்கே மீனே இல்லை’ என்று நடையைக் கட்டுவீர்கள்.

ஒரு நல்ல மடுவுக்குக் குறைந்தது அரைமணி நேரம் பார்வை வேண்டும். அந்தப் பொறுமை நடக்கிறவனுக்கு வராது, அவன் கால் அவனை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் நடங்கள், இன்னொரு நாள் தூண்டில் போடுங்கள்.

நீரோட்டம்:
மௌனக்கரை ஐயா சொன்னதில் பாதியை அப்படியே ஏற்கிறேன். பொறுமை இல்லாமல் ட்ரவுட் இல்லை. ஆனால் சேராது என்பதை ஏற்க முடியவில்லை, ஏனென்றால் நான் வருடக்கணக்காக அப்படித்தான் போய்வருகிறேன்.

மீன் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கிறது என்றால், அதற்குப் பின்புறம் கீழ்ப்பக்கம். ஆகவே கீழிருந்து மேல்நோக்கி ஏறுகிறவன் எப்போதும் மீனின் முதுகுப்புறமாகத்தான் வருகிறான். பள்ளத்தாக்கில் நடப்பவர்களும் காலையில் மேல்நோக்கித்தானே ஏறுகிறார்கள்? இரண்டுக்கும் திசை ஒன்றுதான். ஏறும்போது தூண்டில், இறங்கும்போது வெறும் நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் இதில் இன்னொரு வசதியும் உண்டு. காலையில் தண்ணீர் குளிர்ந்திருக்கும், மீன் சுறுசுறுப்பாக இருக்கும். பிற்பகலில் தண்ணீர் சூடேறும் நேரத்தில் நீங்கள் கோலை மடித்துப் பையில் செருகியிருப்பீர்கள்.

எல்லாத் தண்ணீரிலும் தூண்டில் போடாதீர்கள். எட்டு கிலோமீட்டரில் நான்கு இடம் போதும். பாதை ஓடையை விட்டு விலகிப் போகும் இடங்களில் வேகமாக நடங்கள். பாதை தண்ணீரை நெருங்கும் இடங்களுக்கு ஐம்பது அடி முன்பே பேச்சையும் நடையையும் தணித்துக்கொள்ளுங்கள்.

இனி, மீன் பார்க்கும் விதம். இதைப் புரிந்துகொண்ட பிறகு என் நடையே மாறிவிட்டது. தண்ணீருக்கடியில் இருந்து பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரிகிறது. ஒளி விலகல்தான் காரணம். அந்தக் கூம்பின் கோணம் சுமார் 97 பாகை. மீன் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நின்றால் சாளரத்தின் விட்டம் கிட்டத்தட்ட 68 சென்டிமீட்டர். அதற்கு வெளியே நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் கண்ணாடிபோல் ஓடைத் தரையைத்தான் காட்டும். சாளரத்தின் ஓரத்தில் எல்லாம் நசுங்கிவிடும்: நீர்மட்டத்திலிருந்து 10 பாகை உயரம் வரை உள்ள எதுவும் மீனின் பார்வையில் 1 பாகைக்கும் குறைவான ஒரு மெல்லிய விளிம்பாகிறது. பத்து மீட்டர் தள்ளி, தண்ணீரின் மட்டத்திலேயே நிற்கும் சராசரி உயரமுள்ள ஒருவர் அந்த விளிம்புக்குள் அடங்கிவிடுவார். அதே ஆள் இரண்டு மீட்டர் உயரக் கரைமேல் ஏறினால் முழு உருவமாகத் தெரிந்துவிடுவார். தாழ்ந்து நில்லுங்கள், தள்ளி நில்லுங்கள், பின்னால் இருந்து வாருங்கள்.

அக்காவைப் பற்றி: அவரைத் தண்ணீரிலிருந்து நன்றாக விலகிய ஒரு மேட்டில், உங்களுக்கும் பின்னால், ஒரு மரத்தை ஒட்டி உட்காரச் சொல்லுங்கள். நீர்ப்பரப்பின் பளபளப்பைத் தணிக்கும் போலராய்டு கண்ணாடி ஒன்று அவருக்கும் வேண்டும். உயரத்தில் இருப்பவருக்குத்தான் ஓடைத்தரை தெரியும். கீழே குனிந்து நிற்கும் உங்களுக்குத் தெரியாது. பறவை பார்த்துப் பழகிய கண் மீனை உங்களுக்கு முன்பே பிடித்துவிடும்.

கரைநடை:
மிக்க நன்றி. சாளரக் கணக்கை இரண்டு முறை படித்தேன். இத்தனை வருடமும் கரையின் உச்சியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்! மௌனக்கரை ஐயா, நீங்கள் சொன்ன ‘வெறும் தண்ணீரை’ நான் எத்தனையோ முறை பார்த்தவன்.

என்னிடம் இருப்பது 9 அடி, 5ஆம் எண் கோல் (எண் அதற்கேற்ற நூலின் எடையைக் குறிப்பது), நூல் சுற்றும் ரீலுடன். நான்கு துண்டாகக் கழற்றலாம். நடைக்கு இது சரியா?

மூங்கில்கோல்:
நடைக்கு என்றால் தயங்காமல் தென்காராவைப் பாருங்கள். ஜப்பானிய மலை ஓடைகளில், ட்ரவுட்டின் உறவுமீன்களைப் பிடித்து விற்றுப் பிழைத்தவர்களின் முறை அது. ரீல் கிடையாது. கோலின் நுனியிலேயே கோலின் நீளத்துக்கு ஒரு நூல், அதன் முனையில் ஒரு மீட்டர் மெல்லிய நரம்பு, ஒரு ஃப்ளை. அவ்வளவுதான். 3.6 மீட்டர் கோல் ஒன்றுக்குள் ஒன்று செருகி, அரை மீட்டர் சொச்சத்துக்குச் சுருங்கிவிடும். எடை 100 கிராமுக்குள். முதுகுப்பையின் பக்கப்பையில் வைத்தால் இருப்பதே தெரியாது. நிற்கிற இடத்தில் ஒரு நிமிடத்தில் விரித்துவிடலாம், ஒரு நிமிடத்தில் சுருட்டிவிடலாம். நான்கு இடத்தில் நின்று நின்று போகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொரு நன்மை: கோல் நீளமாக இருப்பதால் நூலைத் தண்ணீரிலேயே படாமல் தூக்கிப் பிடிக்கலாம். ஃப்ளை மட்டும் நீரில் இருக்கும். உங்கள் நூல் ‘தண்ணீரில் குலைவது’ பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அகன்ற ஆற்றுக்கு உதவாது, காற்று அடித்தால் சிரமம், பெரிய மீன் மாட்டினால் நூல் விட்டுக்கொடுக்க வழியில்லை. நீங்கள்தான் அதன் பின்னால் ஓட வேண்டும்.

நீரோட்டம்:
தென்காரா நல்ல முறை. ஆனாலும் கரைநடை கையில் இருக்கும் கோலை ஒதுக்க வேண்டாம், நான்கு துண்டுக் கோல் பையில் அடங்கும்.

நூல் ஏன் குலைகிறது என்று பார்ப்போம். மற்றத் தூண்டிலில் முனையில் கட்டிய எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே ஃப்ளைக்கு எடையே கிடையாது, நூல்தான் எடை. உங்கள் 5ஆம் எண் நூலின் முதல் 9 மீட்டர் சுமார் 9 கிராம் இருக்கும். அந்த எடைதான் கோலை வளைக்கிறது, வளைந்த கோல்தான் வீசுகிறது. புல்வெளியில் நூல் விழுந்த இடத்திலேயே கிடக்கும். ஓடையில் நூலின் நடுப்பகுதி வேகமான ஓட்டத்திலும் ஃப்ளை மெதுவான ஓட்டத்திலும் விழுந்தால், நடுப்பகுதி முதலில் ஓடி ஃப்ளையைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். எந்தப் பூச்சியும் தண்ணீரில் அப்படிக் கோடு கிழித்துக்கொண்டு போகாது என்பது மீனுக்குத் தெரியும். நூல் விழுந்தவுடனே கோல்நுனியால் அதன் நடுப்பகுதியை நீர் வரும் பக்கமாகத் தூக்கிப் போடுங்கள். அதைவிட முக்கியம், குறைந்த தூரம். சிற்றோடையில் நான் ஆறேழு மீட்டருக்கு மேல் வீசுவது அபூர்வம். தூரமாக வீசும் ஆசையை விட்ட நாளிலிருந்துதான் எனக்கு மீன் கிடைக்கத் தொடங்கியது.

நூலின் முனையில் கட்டும் மெல்லிய நரம்பு (லீடர்) 2.7 மீட்டர், அதன் கடைசியில் ஃப்ளையைக் கட்டும் மிக மெல்லிய துண்டு, 5எக்ஸ் டிப்பெட். 0.15 மில்லிமீட்டர்தான் தடிமன், தலைமுடியைப்போல சுமார் இரண்டு மடங்கு. முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். காய்ந்த முடிச்சு உராய்ந்து சூடாகி வலுவிழந்துவிடும்.

தும்பி:
நான் தூண்டில் போடுவதில்லை. என் கணவர் போடுவார், நான் கூட நடப்பேன். ஆகவே அந்த அக்காவின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நான் காத்திருந்ததாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஓடையில் கல்லைப் புரட்டக் கற்றுக்கொண்டதுதான் காரணம்.

சலசலத்து ஓடும் முழங்கால் ஆழத் தண்ணீரில் உள்ளங்கை அளவுக் கல் ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். தட்டையாக ஒட்டிக்கொண்டு, வயிற்றின் இருபுறமும் இலைபோன்ற செவுள்கள் துடிக்க, பெரும்பாலும் மூன்று வாலுடன் ஓடுவது மேஃப்ளையின் இளம்பருவம். இரண்டு வால், ஒவ்வொரு காலிலும் இரண்டிரண்டு நகம் என்றால் ஸ்டோன்ஃப்ளை. அது நிறைய இருந்தால் தண்ணீர் குளிர்ந்து, சுத்தமாக, காற்றோட்டத்தோடு இருக்கிறது என்று பொருள். மணலையும் குச்சியையும் பட்டுநூலால் ஒட்டிக் குழாய்போல வீடு கட்டி அதற்குள் இருப்பது கேடிஸ். ஒவ்வொன்றின் வீட்டையும் பாருங்கள், எந்தக் கொத்தனாரும் இவ்வளவு நேர்த்தியாகக் கல் பொருத்தமாட்டார். பார்த்துவிட்டுக் கல்லை எடுத்தபடியே திரும்ப வைத்துவிட வேண்டும்.

நம் ஈசலுக்கு ஒருநாள் வாழ்வு என்போமே, மேஃப்ளை அதற்கும் ஒரு படி மேல். ஓராண்டு வரை தண்ணீருக்கடியில் வாழ்ந்துவிட்டு, இறகோடு வெளியே வந்தபின் தின்பதற்கு வாயே வேலை செய்யாது. சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள். இறகு முளைத்த பிறகும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி இது ஒன்றுதான். முதலில் மங்கிய சாம்பல் இறகு, அதையும் உரித்துப் போட்டால் கண்ணாடி இறகு.

கல்லடியில் என்ன அதிகம் என்று அக்கா சொன்னால், தம்பி அதற்கேற்ற ஃப்ளையைக் கட்டலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது.

நீரோட்டம்:
அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. பெட்டி நிறைய ஃப்ளை வேண்டாம். ஆடம்ஸ் ஒன்று: 1922இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கட்டப்பட்டது, சாம்பல் நிறம், எந்த மேஃப்ளைக்கும் பொதுவாகப் பொருந்தும். எல்க் ஹேர் கேடிஸ்: கரடுமுரடான ஓட்டத்திலும் மிதக்கும். அடியில் விட, பூச்சியின் இளம்பருவம் போன்ற ஃபெசன்ட் டெய்ல் நிம்ஃப்: இங்கிலாந்தின் ஏவன் நதியைப் பராமரித்த ஃப்ராங்க் சாயர் கட்டியது, கோழி இனத்தைச் சேர்ந்த ஃபெசன்ட்டின் வால்இறகும் மெல்லிய செம்புக்கம்பியும் தவிர அதில் வேறெதுவும் இல்லை. மூன்றிலும் இரண்டு அளவுகளில் நான்கு நான்கு. சட்டைப்பைக்குள் அடங்கிவிடும்.

பாசிப்பாறை:
எல்லோரும் மீனைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் காலைப் பற்றிப் பேசுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் இதேபோல ஒரு நடையில், எதிர்க்கரையில் ஒரு மீன் எழும்புவதைப் பார்த்துவிட்டு, கண்ணை அதன்மேல் வைத்தபடியே தண்ணீருக்குள் இறங்கினேன். தொடையளவு ஆழம்தான். பச்சைப் பாசி பிடித்த சரிவான பாறையில் இடதுகால் வழுக்க, இரண்டு கல்லுக்கு இடையே கணுக்கால் மாட்டிக்கொண்டது. ஓட்டம் என்னை முன்னால் தள்ள, கால் பின்னால் நின்றது. கூட வந்தவர் ஒரு மரக்கிளையை நீட்டிப் பிடிக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. கணுக்கால் வீங்கியதோடு போயிற்று. ஆனால் நனைந்த உடம்போடு ஆறு கிலோமீட்டர் திரும்ப நடந்தபோது பல் கிட்டிக்கொண்டது, கோடைக்காலத்திலேயே.

ஆகவே முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். நடைக்கு வைத்திருக்கும் கைத்தடியைத் தண்ணீரிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலும் தடியும் ஊன்றிய பிறகே அடுத்த காலை எடுங்கள். பையில் நீர்புகாத உறைக்குள் ஒரு மாற்றுடை கட்டாயம். கோலை விரித்த நிலையில் புதருக்குள் நடந்தால் நுனி பின்னால் இருக்கட்டும். முன்னால் நீட்டிக்கொண்டு போய் ஒரு வேரில் குத்தி நுனியை ஒடித்தவன் நான். இடி கேட்டால் கோலைக் கீழே போட்டுவிட்டு விலகிவிடுங்கள், கார்பன் கோல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

காலணி பற்றியும் ஒன்று. கம்பளி அடிப்பாகம் வழுக்காது என்பார்கள், உண்மைதான். ஆனால் அது ஈரத்தையும் அதோடு கண்ணுக்குத் தெரியாத பாசி உயிர்களையும் ஓர் ஓடையிலிருந்து இன்னோர் ஓடைக்குச் சுமந்து போகும். டிடிமோ என்ற பாசி 2004இல் நியூசிலாந்தில் தென்பட்டு ஆறு ஆறாகப் பரவியது. 2008இல் அங்கே கம்பளி அடிப்பாகக் காலணியையே தடைசெய்துவிட்டார்கள். ரப்பர் அடிப்பாகம் போடுங்கள், அடுத்த ஓடைக்குப் போகும்முன் கழுவி நன்றாகக் காயவையுங்கள்.

புதுநடை:
குறுக்கே கேட்பதற்கு மன்னியுங்கள். நான் நடப்பவன் மட்டும். தின்பதற்காகப் பிடிப்பது எனக்குப் புரிகிறது. முள்ளால் குத்தி, இழுத்து, பிறகு விட்டுவிடுவது அந்த உயிரை வதைப்பதாகாதா? சண்டைக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மௌனக்கரை:
நல்ல கேள்வி. தூண்டில் பிடிக்கிறவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. முள் குத்துவது மீனுக்கு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பிடித்துத்தான் ஆக வேண்டும் என்றில்லாதபோது பிடிக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் என் மேல் ஒரு கடமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மாட்டிய மீன் நழுவாமல் பிடிக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிய முள்ளைத்தான் கட்டுவேன். களைத்துப்போகும்வரை விளையாட்டுக் காட்டாமல் சீக்கிரம் கரைசேர்ப்பேன். கையை நனைக்காமல் தொடமாட்டேன். மீனின் மேலுள்ள வழவழப்புதான் அதற்கு நோய் தடுக்கும் கவசம், காய்ந்த கை அதை உரித்துவிடும். முடிந்தவரை தண்ணீருக்குள்ளேயே முள்ளை எடுப்பேன். ஒரு சிறு வெப்பமானி என் பையில் எப்போதும் இருக்கும். 10 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும், 20 பாகையில் அது 9 ஆகக் குறையும். அதே சூட்டில் மீனின் தேவையோ கூடும். தண்ணீர் 20 பாகையைத் தொட்டால் கோலை மடித்துவிடுவேன், எவ்வளவு மீன் எழும்பினாலும் சரி. சரளைத்தரையில் மட்டும் பளிச்சென்று கழுவிவிட்டதுபோல ஒரு திட்டு தெரிந்தால் அது முட்டையிட்ட இடம். அதில் கால் வைக்கக் கூடாது. பழுப்பு ட்ரவுட் இலையுதிர்காலத்தில் இருந்து குளிர்காலம்வரை முட்டையிடும், ரெயின்போ ட்ரவுட் பெரும்பாலும் வசந்தத்தில்.

இன்னொன்றும் உண்டு. எல்லா இடத்திலும் விட்டுவிடுவதே சரி என்றும் சொல்ல முடியாது. பழுப்பு ட்ரவுட் ஐரோப்பாவையும் அதை ஒட்டிய பகுதிகளையும் சேர்ந்தது. 1864இல் அதன் முட்டைகளைப் பாசிக்குள் பொதித்து, பனிக்கட்டிக்கு நடுவே வைத்து, இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்குக் கப்பலில் கொண்டுபோனார்கள். அங்கிருந்து நியூசிலாந்தின் ஓடைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. போன சில இடங்களில் அங்கேயே பிறந்த சிறுமீன்களைத் தின்று ஒழித்திருக்கிறது. ஆகவே அந்தந்த ஓடையின் விதியைப் படித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

புதுநடை:
நேர்மையான பதிலுக்கு நன்றி ஐயா. என் மனம் முழுவதும் சமாதானமாகவில்லை. ஆனாலும் நீங்கள் வெப்பமானி வைத்திருப்பதைத் தெரிந்துகொண்டதில் ஓர் ஆறுதல்.

மௌனக்கரை:
கரைநடை, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நான்கு இடம் என்று நீரோட்டம் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு நிபந்தனை: அதில் ஓர் இடத்திலாவது கோலை விரிக்காமல் இருபது நிமிடம் உட்காருங்கள்.

கரைநடை:
போய்வந்தோம். நேற்று இரவுதான் வீடு திரும்பினேன், எழுதாமல் தூக்கம் வரவில்லை.

முதல் இரண்டு இடத்திலும் ஒன்றும் இல்லை. முதலாவதில் அவசரப்பட்டு என் நிழலையே மடுவின்மேல் போட்டுவிட்டேன். இரண்டாவதில் ஃப்ளை பின்னாலிருந்த மரத்தில் மாட்டிக்கொண்டது. மூன்றாவது இடம் ஒரு பெரிய பாறைக்குக் கீழே, வேகமான ஓட்டமும் அசையாத நீரும் உரசிக்கொள்ளும் ஒரு கோடு. மௌனக்கரை ஐயா சொன்னபடி கோலை மூடியே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அக்கா எனக்குப் பின்னால் மேட்டில். வெப்பமானி 13 பாகை காட்டியது.

பத்து நிமிடம் போல ஒன்றும் தெரியவில்லை. பிறகு அக்கா மெதுவாக, ‘அந்த வெள்ளைக் கல்லுக்கு இந்தப் பக்கம், நிழல் ஆடுகிறது பார்’ என்றார். எனக்குக் கல் மட்டும்தான் தெரிந்தது. ‘நிழல் தரையில் இருக்கிறது, மீன் அதற்கு ஒரு சாண் மேலே’ என்றார். அப்போதுதான் கண்டேன். மீனின் நிறம் தண்ணீரின் நிறமேதான், வாயைத் திறக்கும்போது மட்டும் உள்ளே வெள்ளையாக ஒரு சிமிட்டல். இடப்பக்கம் ஒரு கை நகர்ந்து எதையோ எடுத்துக்கொண்டு, பழைய இடத்துக்கே திரும்பி வந்து நின்றது. மறுபடி வலப்பக்கம். சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர்போல ஒரு நிதானம்.

நான் குனிந்து, முழங்காலால் நகர்ந்து, ஆறு மீட்டருக்குள் வந்து ஆடம்ஸைப் போட்டேன். முதல் வீச்சு குட்டையாக விழுந்தது. இரண்டாவதில் நூலின் நடுவை நீர் வரும் பக்கமாகத் தூக்கிப் போட்டேன். ஃப்ளை அந்தக் கோட்டின்மேல் தானாகவே வந்தது. மீன் எழுந்தது, ஃப்ளைக்கு அடியில் மூக்கை வைத்து ஒரு முழம் தூரம் அதோடு பின்னால் மிதந்து வந்தது, பிறகு அதன்மேல் வாயை மூடிக்கொண்டது. கை நடுங்கியதில் கொஞ்சம் சீக்கிரமாகவே இழுத்துவிட்டேன், ஆனாலும் மாட்டியது. ஒன்றே கால் சாண் இருக்கும். பக்கவாட்டில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிர்நீல வளையம். கையை நனைத்து, நீருக்குள்ளேயே முள்ளை எடுத்தேன். என் விரல்களுக்கிடையே இரண்டு மூச்சு நின்றுவிட்டு, அதே வெள்ளைக் கல்லை நோக்கிப் போயிற்று.

நான்காவது இடத்தில் தூண்டில் போடவில்லை. போட வேண்டும் என்று தோன்றவில்லை. அங்கே அக்காவின் சட்டைக் கையில் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. சாம்பல் இறகு, படகின் பாய்போல நிமிர்ந்து. தட்டிவிடப் போனவரைத் தடுத்தேன், தும்பி அம்மா எழுதியது நினைவுக்கு வந்ததால். சிறிது நேரத்தில் முதுகு நடுவில் பிளந்தது. பழைய இறகுக்குள்ளிருந்து புதிய இறகை உருவி எடுத்துக்கொண்டு, காலை ஒவ்வொன்றாக விடுவித்து, இன்னும் ஒல்லியாக, இன்னும் பளபளப்பாக வெளியே நின்றது. வெள்ளைத் தோல் சட்டை நூலில் ஒட்டிக்கொண்டிருந்தது. இறங்கி வரும் மூன்று மணி நேரமும் அக்கா அந்தக் கையை மடக்கவே இல்லை.

தும்பி:
படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள்: உரித்த தோலில் வால் இரண்டா, மூன்றா?

கரைநடை:
இப்போதுதான் கேட்டேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டாராம். மூன்று.